அவர் கால் சறுக்கவில்லை

இதை எழுதலாமா கூடாதா என்று பல வருடங்கள் தயங்கினேன். பேனாவை எடுப்பேன், ஒரு மனிதருக்குக் கொடுத்த வாக்கு நினைவுக்கு வரும், மூடி வைத்துவிடுவேன்.

இது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் நடுவில், திருவள்ளூரில் ஒரு மைதானத்தில் நடந்தது. அப்போது நான் ஓர் ஆலையின் கால்பந்து அணியில் கோல் கீப்பர். தறி வேலை என்று பெயர். சம்பளம் கோல் பிடிக்கத்தான். சொந்த ஊர் திருப்பாச்சூர். சிவனைக் கும்பிட்டு, நெற்றி நிறையத் திருநீறு பூசாமல் ஆடப் போகமாட்டேன். அதனால் எதிர் அணிக்காரர்கள் எனக்கு வைத்த பெயர் ‘பட்டை’.

அன்று எதிரே ஆடியது இன்னொரு ஆலை. அவர்களுடைய சென்டர் பார்வர்ட் பழவேற்காட்டுக்காரர், பாய். அவரும் என்னைப்போல் ஆட்டத்துக்காக வேலைக்கு எடுக்கப்பட்டவர்தான். ஆட்டம் தொடங்கும்போதே சிரித்துக்கொண்டு, “இன்னா பட்டை, சாமிகிட்ட சொல்லிட்டு வந்தியா? இன்னிக்கு ரெண்டு உள்ள போவும்” என்றார்.

கடைசி நேரம் வரை இரண்டு பக்கமும் கோல் இல்லை. அப்போது ஒரு பந்து உயரமாக வந்தது. அதைப் பிடிக்க முன்னால் ஓடியபடி, எனக்கு முன்னால் தடுத்தாடும் எங்கள் புல்பேக்கைப் பார்த்து “விடு” என்று கத்தினேன். ஓட்டத்தில் அது “வீடு” என்று நீண்டுவிட்டது. அவர் பள்ளிப்பட்டுப் பக்கம், வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். தெலுங்கில் ‘வீடு’ என்றால் ‘இவன்’. யாரையோ தடுக்கச் சொல்கிறேன் என்று நினைத்து சட்டென்று திரும்பியவர், என்மேலேயே மோதிவிட்டார்.

நான் விழுந்தேன். பந்து கையிலிருந்து நழுவி முகத்துக்குப் பக்கத்தில் நின்றது. பின்னால் கோல் காலி. பாய் காலை ஓங்கிவிட்டார். ஆணி அடித்த பூட்ஸ் என் நெற்றிக்கு நேராக வருவதைப் பார்த்து, “ஈஸ்வரா” என்று கண்ணை மூடினேன்.

எதுவும் படவில்லை. காய்ந்த மட்டை முறிவதுபோல் ஒரு சத்தம் மட்டும் கேட்டது. கண்ணைத் திறந்தால் அவர் பக்கத்தில் கிடக்கிறார். ஓங்கிய காலை அந்தரத்திலேயே இழுத்துக்கொண்டதில், ஊன்றிய காலின் முட்டி திருகிப் போயிருந்தது.

கூட்டம் ஓடி வருவதற்குள் என் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

“பட்டை, சறுக்கிச்சுன்னு சொல்லு. நானா இழுத்துக்கினேன்னு தெரிஞ்சா, டப்பு வாங்கிக்கினு கோலை வுட்டுட்டான்னு சொல்லி வேலைய வுட்டுத் தூக்கிடுவானுங்கோ. ஊட்ல பசங்கோ கீதுங்கோ.”

அவருடைய ஆலை அதிகாரி வந்து என்னிடம்தான் கேட்டார். நெற்றியில் திருநீறோடு, “ஆமாங்க, கால் சறுக்கிடுச்சு” என்றேன்.

அதன்பிறகு அவர் ஆடவே இல்லை. ஆட்டத்தில் பட்ட அடி என்பதால் வேலை போகவில்லை. வாசலில் காவலுக்கு உட்கார வைத்தார்கள். ஆனால் ஊரெல்லாம் அவருக்கு ‘சறுக்கு பாய்’ என்றே பெயர் ஆகிவிட்டது. காலி கோலுக்கு முன்னால் விழுந்தவர் என்று, நாங்கள் வேலைக்குப் போய்வரும் ரயிலில் முகத்துக்கு நேரே கேலி செய்வார்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார். எனக்குத்தான் தலை நிமிராது.

திங்கட்கிழமைதோறும் அவர் முட்டிக்காகக் கோயிலில் ஒரு விளக்கு ஏற்றி வந்தேன். ஒருநாள் அதை அவரிடமே சொன்னேன்.

“முட்டிக்கு விளக்கா? எண்ணெய கொஞ்சம் ஜாஸ்தியாவே ஊத்து, நைனா” என்றார். போகும்போது காலை இழுத்து இழுத்துத்தான் நடந்தார்.

சமீபத்தில் அவர் காலமானார். பழவேற்காட்டுக்குப் போயிருந்தேன். அடக்கம் முடிந்து வரும்போதுகூட யாரோ பாசத்தோடு அந்தப் பட்டப்பெயரைச் சொன்னார்கள். எனக்குத் தாங்கவில்லை. அவருடைய மூத்த மகனைத் தனியே கூப்பிட்டு உள்ளதைச் சொல்லி, எழுதலாமா என்று கேட்டேன். அவர், “வாப்பா எங்ககிட்டகூட சொல்லல. இனிமே யாரு மாமா வேலைய வுட்டு எடுக்கப் போறாங்கோ? எழுதுங்கோ” என்றார்.

தினமும் திருநீறு பூச நெற்றியில் விரல் வைக்கும்போது, இது அவர் விட்டுவைத்த நெற்றி என்று நினைத்துக்கொள்கிறேன். படிக்கிறவர்கள் இதை நாலு பேரிடம் சொல்லுங்கள். அழகுக்காக எதையும் சேர்க்க வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். அவர் கால் சறுக்கவில்லை, அவராகத்தான் இழுத்துக்கொண்டார். அதை மட்டும் மாற்றாமல் சொல்லுங்கள்.