முதல் கியரில் விட்ட வண்டி

ஐப்பசியில் ஒரு திங்கட்கிழமை என் டைரியில் இப்படி எழுதியிருக்கிறேன்: "மழை விட்டுவிட்டுப் பெய்தது. கழனியில் தண்ணீர் நிற்பதால் டிராக்டரை ஏரிக்கரைச் சரிவில் நிறுத்தினேன். ஹேண்ட் பிரேக் பிடிக்கவில்லை. சக்கரத்துக்கு முட்டுக்கொடுக்கக் கல் கிடைக்கவில்லை. முதல் கியரில் விட்டேன்."

எங்கள் பக்கத்தில் இது எல்லோரும் செய்வதுதான். ஹேண்ட் பிரேக் போனால் யாரும் சரிசெய்வதில்லை. கியரில் போட்டு இஞ்சினை அணைத்துவிட்டால் வண்டி நகராது. அடுத்த முறை கிளட்சை மிதித்துக்கொண்டு சாவியைத் திருப்ப வேண்டும், அவ்வளவுதான். கிளட்சை மிதிக்காமல் இஞ்சின் சுழன்றால் வண்டி கிளம்பிவிடும்.

டைரியை நான் தினமும் எழுதுவேன். படிப்பது மாதக் கடைசியில்தான். அதனால் செவ்வாய்க்கிழமை காலையில் அந்தக் கடைசி வரி என் நினைவில் இல்லை.

எட்டு மணிக்குச் சாவியைத் திருப்பினேன். சத்தமே இல்லை. மீட்டரில் சிவப்பு விளக்கு எரிந்தது. மறுபடி திருப்பினேன். விளக்கு மட்டும் எரிந்தது. புதன்கிழமை நடவுக்கு ஆள் சொல்லியிருந்தேன். அதற்குள் ஒரு சால் உழுதாக வேண்டும்.

வண்டி எனக்குப் புதிது. பள்ளிப்பட்டில் ஒருவரிடம் பழைய வண்டியாக வாங்கி ஒரு மாதம்கூட ஆகவில்லை. முன்பு வைத்திருந்ததைவிட வயது குறைந்தது. ஆனால் கியர் லிவர் மட்டும் தளர்ந்துபோய், கியரில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரே மாதிரி ஆடும்.

முறையாகப் பார்த்தேன். ஹாரன் கணீரென்று அடித்தது, ஹெட்லைட் மங்காமல் எரிந்தது. அப்படியானால் பேட்டரியில் குறையில்லை. பேட்டரி முனையில் வெள்ளையாகப் பூத்திருந்ததைச் சுரண்டிவிட்டு இறுக்கினேன். ஃபியூஸைக் கழற்றிப் பார்த்தேன், நன்றாக இருந்தது. எர்த் ஒயரை அசைத்துப் பார்த்தேன். பக்கத்துக் கழனிக்காரர் கரைமேல் போகிறபோது நின்றார்.

"இன்னாபா, டீசல் கீதா?"

"முக்கால் டேங்க் கீது. இஞ்சினே சுத்தல. இதுக்கு டீசல் இன்னா பண்ணும்?"

"நீ கணக்கா பேசு. வண்டி கணக்கா ஓட மாட்டேங்குது," என்று சொல்லிவிட்டுப் போனார்.

பத்து மணிக்கு என் மைத்துனனுக்குப் போன் செய்தேன். மனைவியின் தம்பி. கும்மிடிப்பூண்டியில் ஒரு இரும்பு உருக்கும் கம்பெனியில் ஃபிட்டர். இரண்டாவது ஷிஃப்டுக்குக் கம்பெனி பஸ் எளாவூர் செக்போஸ்ட் அருகே ஒன்றரைக்கு வரும். அதற்குள் முடித்துவிடலாம் என்று யூனிஃபார்ம் பேண்ட்டோடே வந்தான். கையில் ஒரு பை. அதில் அவன் அக்கா கொடுத்தனுப்பிய நாஷ்டா, ஒரு ஸ்பேனர், முழ நீள ஸ்குரூ டிரைவர்.

நான் செய்து பார்த்ததையெல்லாம் வரிசையாகச் சொன்னேன்.

"மாமா, நீ டாக்டரு மாரி சீட்டு எழுதிகினு இரு. நான் டச் குடுத்துப் பாக்கறேன்."

டச் கொடுப்பது என்றால், சாவியை நம்பாமல், ஸ்டார்ட்டர் மோட்டாரின் இரண்டு முனைகளை ஸ்குரூ டிரைவரால் சேர்த்துவிடுவது. பொறி பறக்கும், மோட்டார் சுற்றும். சாவி, ஒயர், சுவிட்ச் எதையும் அது கேட்காது. அதைச் செய்ய ஒரே ஓர் இடத்தில்தான் நிற்க முடியும். முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவே, என் தோள் உயரமுள்ள பின்சக்கரம் முதுகுக்குப் பின்னால் இருக்க. அவன் அங்கே போய்க் குனிந்தான்.

நான் சீட்டில் ஏறி, பழக்கத்தில் கிளட்சை மிதித்துக்கொண்டு, சாவியை ஆனில் வைத்தேன்.

தூறல் ஆரம்பித்திருந்தது. ஏரியின் மேல் வெளிச்சம் குறைந்துகொண்டே வந்தது. ஹைவேயில் லாரிகள் போகும் இரைச்சல் கேட்டது. ஒரு கொக்குகூட இல்லை. எதையோ விட்டுவிட்டோம் என்று தோன்றியது. ஹாரன், லைட், முனை, ஃபியூஸ், எர்த் என்று மனசுக்குள் மறுபடி சொல்லிப்பார்த்தேன். ஐந்தும் சரியாக இருந்தன.

"அங்க இன்னா சாமி கும்புட்டுகினு கீற? எறங்கி வந்து செல்லு லைட்ட காட்டு. போல்ட்டு ரெண்டும் இருட்டா கீது."

இறங்கத்தான் நினைத்தேன். ஆனால் செருப்பின் வார் காலையிலேயே அறுந்திருந்தது. கரை முழுக்க வேலிக்காத்தான் முள்.

"முள்ளா கீது. செருப்பு இல்ல. நீயே பாத்துக்கோ."

"ஆமா, ராஜா வூட்டுக் காலு," என்றான்.

நீலமாக ஒரு பொறி. கரகரவென்று மோட்டார் சுற்றியது, இஞ்சின் பிடித்துக்கொண்டது. கரும்புகை எழும்பியது. அவன் நிமிராமலே சிரித்தான். கீழே விழுந்த ஸ்பேனரைச் சேற்றில் துழாவிக்கொண்டே, "அவ்ளோதான் மாமா, எறங்கி வா, சாப்புடலாம்," என்றான்.

நான் காலைத் தளர்த்தினேன். முழுக்கக்கூட இல்லை. வண்டி ஓர் அங்குலம் முன்னால் ஏறியது.

காலை மறுபடி அழுத்தினேன். அப்போதுதான் முந்தின நாள் சாயங்காலம் கல் தேடியது நினைவுக்கு வந்தது. கல் கிடைக்காமல் என்ன செய்தேன் என்பதும் வந்தது. அவன் இன்னும் சக்கரத்துக்கு முன்னால் குனிந்து துழாவிக்கொண்டிருந்தான். கத்தினால் திடுக்கிட்டு எந்தப் பக்கம் திரும்புவானோ என்று பயமாக இருந்தது. இஞ்சினை நிறுத்தும் குமிழ் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பது தோன்றவே சில விநாடிகள் ஆயின. இழுத்தேன். இஞ்சின் குலுங்கி நின்றது.

"இன்னா மாமா, கஷ்டப்பட்டு ஸ்டார்ட் பண்ணா நீ நிறுத்தற?"

"வெளிய வா மொதல்ல."

"ஸ்பேனரு..."

"கெடக்கட்டும். வா."

அவன் வெளியே வந்து, கரைமேல் ஏறி நின்ற பிறகுதான் காலை எடுத்தேன். லிவரை இரண்டு கையாலும் பிடித்து நியூட்ரலுக்குத் தள்ளினேன். சாவியைத் திருப்பினேன். முதல் திருப்பிலேயே இஞ்சின் ஓடியது.

அவன் ஃபிட்டர். சொல்லாமலே புரிந்துகொண்டான். கியரில் இருந்தால் சாவிக்கு மோட்டார் சுற்றாதபடி, என் பழைய வண்டியில் இல்லாத ஒரு சுவிட்சை இந்த வண்டியில் வைத்திருக்கிறார்கள். எந்தக் கோளாறும் இல்லாமல்தான் அது காலையிலிருந்து ஸ்டார்ட் ஆகாமல் நின்றிருக்கிறது. நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து அதை மீறியிருக்கிறோம்.

பொட்டலத்தைப் பிரித்தான். இட்லியைப் பிட்டுவிட்டுச் சாப்பிடாமல் வைத்திருந்தான்.

"நீ எறங்கி வந்துருந்தா?"

நான் குமிழை இழுத்து இஞ்சினை நிறுத்தினேன்.

"அக்காகிட்ட சொல்லாத. பேஜாரா பூடும்."

ஒன்றே கால் மணிக்குப் பஸ்ஸுக்குக் கிளம்பினான். அவன் கரைமேல் நடந்து போவதைப் பின்னாலிருந்து பார்த்தேன். வலது ஆடுசதையில், பேண்ட் துணிமேல், டயரின் பட்டை ஒன்று சேற்றில் சாய்வாகப் பதிந்திருந்தது. கூப்பிட்டுத் துடைக்கச் சொல்ல வாய் வரவில்லை. எட்டு மணி நேரம் அதோடுதான் வேலை பார்த்திருப்பான்.

அன்று மாலை முந்தின நாள் பக்கத்தை எடுத்துப் படித்தேன். எல்லாம் சரியாக எழுதப்பட்டிருந்தது. மறுநாளே செங்கல்லை இரண்டாக உடைத்துச் சீட்டுக்கடியில் போட்டுவைத்தேன். ஹேண்ட் பிரேக்கையும் சரிசெய்தேன்.

இரண்டு ஞாயிறு கழித்து மைத்துனன் போன் செய்தான். ஆரணிப் பக்கம் ஒரு நண்பன் கழனியில் இருப்பதாகச் சொன்னான். பின்னால் யாரோ, "டச் குடுத்துப் பாருடா, டைம் ஆவுது," என்று சொல்வது கேட்டது.

"இன்னாச்சு?" என்றேன்.

"வண்டி ஸ்டார்ட் ஆவல மாமா. லைட்டு நல்லா எரியுது."

"நீ எங்க நின்னுகினு கீற?"

செருப்பு சேற்றில் பிய்ந்து வரும் சத்தம் கேட்டது. பிறகு இரும்புப் படியில் ஏறும் சத்தம். நான் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு நின்றேன். மூச்சு வாங்கியபடி மறுபடி போனில் வந்தான்.

"கியர்லதான் கீது மாமா," என்றான்.