பிசிறில்லாத படம்

சட்டைத் தொழிற்சாலையில் இருபது வருஷமாக அவளுக்கு ஒரே வேலைதான். தைத்து வரும் சட்டையில் நீட்டிக்கொண்டிருக்கும் நூலைச் சின்னக் கத்தரியால் வெட்டுவது. அதற்குப் பிசிறு வெட்டுவது என்று பெயர். ஒரு பிசிறு தப்பினாலும் சூப்பர்வைசர் சட்டையை முகத்தில் எறிவான். அப்படிப்பட்டவள் நாற்பது வயதில் ஞாயிற்றுக்கிழமைதோறும் வீடியோ வகுப்புக்குக் கிளம்பினால் தெரு சும்மா இருக்குமா? கேமராக்காரி என்று பட்டம் கட்டிவிட்டார்கள்.

வகுப்பு இலவசம். காசு கட்டிப் படிக்க வழியில்லாதவர்களுக்கென்றே ஒரு சங்கம் அதை நடத்தியது. ஆறு பெண்கள், ஒரு கேமரா, ஒரு மைக், ஒரே ஒரு மெமரி கார்டு. படத்தை வெட்டி ஒட்டி முடித்ததும் கார்டில் இருப்பதை அழித்து அடுத்தவளிடம் கொடுத்துவிட வேண்டும். சொல்லிக்கொடுத்த பெண்ணுக்கு அவளைவிடப் பதினைந்து வயது குறைவு. "அக்கா, சத்தம்தான் முக்கியம். நடுவுல இரைச்சல் விழுந்தா அந்த டேக்கை விட்டுட்டு மறுபடி எடுங்க" என்பாள்.

அவள் பொழுது போகாமல் அங்கே போகவில்லை. அவளுடைய அப்பா முப்பது வருஷம் கல் அரைக்கும் ஆலையில் உழைத்தவர். நெஞ்சு முழுக்கத் தூசி. பத்து அடி நடந்தால் உட்கார்ந்துவிடுவார். ஆலை டாக்டரோ, புகை பிடித்ததால் வந்த கோளாறு, இப்போது ஆள் நலம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். ஆயுளில் ஒரு சிகரெட்டைத் தொடாத மனிதர் அவர். தூசியால் வந்த நோய்தான் என்று, அவர்கள் போட்டிருந்த மனுவை விசாரிக்கும் அதிகாரி ஒப்புக்கொண்டால் ஆலைச் செலவில் பெரிய ஆஸ்பத்திரியில் வைத்தியம் நடக்கும். இல்லாவிட்டால் வீட்டிலேயே கிடந்து சாக வேண்டியதுதான். அப்பா படும் பாட்டைப் படமாகக் காட்டினால் அதிகாரி மனம் இறங்குவார் என்று அவள் மலைபோல் நம்பினாள்.

ஜன்னலைச் சாத்தி, மின்விசிறியை நிறுத்தி, அப்பாவின் சட்டையில் மைக்கைக் குத்தினாள். நாலு வார்த்தை பேசுவதற்குள் இருமல் வந்துவிட்டது.

"அப்பா, இன்னொரு தடவை சொல்லுங்க. இருமல் விழுந்துடுச்சு."

"சரிம்மா."

பதினோரு தடவை எடுத்தாள். கடைசியில் அவர் உதடு நீலம் பாரித்துவிட்டது. இருமலும் திணறலும் விழுந்த இடத்தையெல்லாம் வெட்டி, நடுநடுவே கல்லும் லாரியுமாகச் செருகி, மூன்று நிமிடத்தில் முடித்தாள். கை பழகிய வேலை. வகுப்பே கைதட்டியது. மிச்சத்தை அழித்துக் கார்டை அடுத்தவளிடம் கொடுத்தாள்.

விசாரணை அறையில் படம் ஓடி முடிந்தபோது அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். ஆலையின் வக்கீல் எழுந்து, இன்னொரு முறை போடச் சொன்னார்.

"பாருங்க சார். மூணு நிமிஷம். ஒரு இருமல் இல்ல, ஒரு திணறல் இல்ல. எங்க டாக்டர் எழுதினதும் இதானே? இது அவர் பொண்ணே எடுத்த படம்."

அவள் பதறி எழுந்தாள். "சார், இருமினதையெல்லாம் நான்தான் வெட்டினேன்."

"அந்த வெட்டினதைக் காட்டுங்கம்மா" என்றார் அதிகாரி.

"அழிச்சுட்டேன் சார்."

அப்பா அந்த நேரம் பார்த்து இருமத் தொடங்கினார். வக்கீல் சிரித்தார். "இந்த ரூமுக்கு வந்தா எல்லாருக்கும் இருமல் வந்துடும் சார்."

அதிகாரி கெட்டவர் அல்ல. அதுதான் கொடுமை. மனுதாரர் தடையின்றிப் பேசுகிறார் என்று எழுதி, யார் முகத்தையும் பார்க்காமல் மனுவைத் தள்ளுபடி செய்தார்.

நாலு படிக்கு ஒரு தரம் உட்கார்ந்து உட்கார்ந்துதான் அப்பா கீழே இறங்கினார். யாராவது தன்னை ஓங்கி அறைந்தால் தேவலை என்றிருந்தது அவளுக்கு. ஒரு பிசிறுகூட விடாமல் வெட்டிய தன் கையை அவள் வெறுத்தாள்.

அப்பாவுக்குக் கோபமே இல்லை. உள்ளே படத்தைப் போட்டுக் காட்டிய பியூன் அந்த வழியாக வந்தபோது, மூச்சு வாங்க வாங்க அவரை நிறுத்திச் சொன்னார்.

"எம் பொண்ணு எடுத்தது... எவ்வளவு நல்லா பேசுறேன், பாத்தீங்களா?"