பையன் என்ற ஒரு சொல்

ஐந்தாம் மாத ஸ்கேனில், குழந்தைக்கு மண்டையோடு வளரவில்லை என்று தெரிந்தது. பிறந்தாலும் பிழைக்காது என்று கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரி டாக்டரம்மா எனக்குப் புரிகிறவரை நிதானமாகச் சொன்னார். ஆபரேஷன் வேண்டாம், மாத்திரையிலேயே முடித்துவிடலாம் என்றார்.

எங்களுக்கு ஏற்கெனவே இரண்டும் பெண். மூன்றாவது வயிறு பாதியில் காணாமல் போனால் எங்கள் ஊர் வடக்கனந்தல் பக்கம் யார் மண்டையோட்டைப் பற்றி யோசிப்பார்கள்? எங்கேயோ காசு கொடுத்துத் திருட்டுத்தனமாகப் பார்த்தார்கள், பெண் என்று தெரிந்தது, கலைத்துவிட்டார்கள். கதை தயாராக இருக்கிறது, நம் பேரைச் சேர்க்க வேண்டியதுதான் பாக்கி. ஊர் வாயை நான் சட்டை செய்கிறவள் இல்லை. ஆறாவது படிக்கிற என் மூத்தவள் காதில் அது விழுந்து, அவள் நம்பிவிடுவாளோ என்றுதான் பயந்தேன்.

முதல் மாத்திரையை டாக்டரம்மா எதிரிலேயே விழுங்கினேன். இரண்டு நாள் வீட்டில் வழக்கம்போலச் சமைத்தேன், துவைத்தேன். மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போய்ப் படுத்ததும் நர்ஸ் சில மணி நேரத்துக்கு ஒரு தரம் வந்து, நாக்குக்கு அடியில் வேறு மாத்திரைகளை வைக்கச் சொன்னார். மாத்திரைதானே, தூரம் வந்தால் வலிக்கிற மாதிரி கொஞ்சம் வலிக்கும் என்று நினைத்திருந்தேன். மத்தியானத்துக்குள் இடுப்பு கழன்றுவிட்டது.

"இன்னா சிஸ்டர், புள்ள பெக்கிற மாதிரியே வலிக்குது?"

"பின்ன? அஞ்சு மாசம்னா இதுவும் பிரசவந்தாம்மா. மாத்திரை வலியத்தான் வரவைக்கும், பெக்கறது நீதான். ஊசி போடறேன், பொறுத்துக்கோ."

இதை முதலிலேயே சொல்லித் தொலைத்திருக்கலாமே என்று கோபம் வந்தது. ஆனால் ஊசி போட்ட பிறகும் என் கையை விடாமல் நின்றவரிடம் கோபத்தை எப்படிக் காட்டுவது? சாயங்காலம் எல்லாம் முடிந்தது. துணியில் சுற்றி எடுத்துப் போனார்கள். ஆணா பெண்ணா என்று நான் கேட்கவில்லை.

என் வீட்டுக்காரர் கேட்டார். கல்வராயன் மலையிலிருந்து மரவள்ளி ஏற்றி வரும் மினி லாரியின் டிரைவர் அவர். ரெண்டு பொண்ணு போதும் என்று ஊரெல்லாம் பெருமையடிப்பவர். அன்று முழுக்க வராந்தாவில் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

"தெரிஞ்சிக்கினா, நாளைக்கு கேக்கறவன் வாய அடைக்கலாம்ல," என்று சொல்லிவிட்டு நர்ஸைத் தேடிப் போனார்.

திரும்பி வந்தவர் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதார். அந்த அழுகையிலேயே பையன் என்று எனக்குப் புரிந்துவிட்டது. பெண்ணாக இருந்திருந்தால் இத்தனை அழுகை வந்திருக்குமா என்று கேட்க வாய்வரை வந்தது. பாவம், விட்டுவிட்டேன். யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொண்டேன். பையன் என்று சொல்லி நல்ல பேர் வாங்க எனக்கு இஷ்டமில்லை.

வீட்டுக்கு வந்த பிறகு மூத்தவள் என் பக்கமே அண்டவில்லை. சோற்றுத் தட்டைக் கொண்டுவந்து வைத்துவிட்டுத் தள்ளிப் போய் நிற்பாள். தங்கையையும் என்னிடம் விடமாட்டாள். ஒருநாள் தண்ணீர் பிடித்து வந்தவள், குடத்தை இறக்காமலே வாசற்படியில் நின்று கேட்டாள்.

"பொண்ணுன்னுதான வேணாம்னுட்டீங்க? கொழாயாண்ட பேசிக்கினு இருந்தாங்க."

"இல்லடி. தலை எலும்பு வளரல. டாக்டரே சொன்னாங்க."

அவள் அசையவில்லை. பெரியவர்கள் எல்லாரும் சேர்ந்துகொண்டு பொய் சொல்வார்கள் என்று தெரிந்துகொண்ட வயது.

"பையன்டி," என்றேன்.

டாக்டரை நம்பாதவள் அந்த ஒரு சொல்லை நம்பிவிட்டாள். மாத்திரை கொடுத்த வலியெல்லாம் இதற்குக் கம்மி.

குடத்தை இறக்கி வைத்தாள்.

"அப்ப நெசமாவே தம்பிக்குத் தலை வளரலியாம்மா?" என்று கேட்டவள், பதிலுக்கு நிற்காமல் என் மேல் விழுந்து அழுதாள்.