சாவியை எடுத்தும் நிற்காத வண்டி

என் பெரியப்பா எங்கள் ஜீப்பின் இன்ஜினைக் கழற்றிக்கொண்டு போன நாளை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் காது சூடாகிறது. அப்போது எனக்கு ஒன்பது வயது. ஒன்பது வயதுப் பெண்ணின் கோபத்துக்கு எந்த வீட்டில் மரியாதை இருக்கிறது? தொண்டை கிழியக் கத்தினேன். "போய்ப் பல்லு விளக்கு" என்றார் அம்மா.

எங்களுடையது ஏதோ அரசாங்க ஆபீஸ் ஏலத்தில் விட்டதை என் அப்பா, எனக்கு நைனா, எடுத்து வந்த பழைய ஜீப். கதவுக்குப் பதில் ஒரு சங்கிலி. என் காலடியில் தகரம் துருப்பிடித்து ஓர் ஓட்டை; அதன் வழியே ரோடு ஓடுவதைப் பார்த்துக்கொண்டே போகலாம். உடம்புதான் அப்படி. இன்ஜின் சிங்கம். ஏரிச் சேற்றில் இறங்கி வேர்க்கடலை மூட்டைகளோடு முக்கி முனகி வெளியே வந்துவிடும். அமாவாசைக்கு அமாவாசை மேல்மலையனூர் கோயிலுக்கு ஆள் ஏற்றிப்போகும். நைனா வண்டியைக் கிளப்பினால் சத்தம் ஊருக்கு மேலே நிற்கும் ராஜகிரிப் பாறையில் பட்டு எங்கள் தெருவுக்கே திரும்பி வரும். முன்சீட் என்னுடையது. அம்மாவே பின்னால்தான் உட்கார வேண்டும்.

பெரியப்பாவுடையது பாண்டிச்சேரியில் வாங்கிய புது ஜீப். வெள்ளை நிறம், ஏசி, பட்டனை அழுத்தினால் ஏறி இறங்கும் கண்ணாடி. அந்த மழைக்காலத்தில் ஏரித் தண்ணீர் வழிந்தோடும் இடத்தில் அதை இறக்கினார். இன்ஜினை நடத்துகிற கம்ப்யூட்டர் பெட்டிக்குள் தண்ணீர் புகுந்து, இன்ஜின் ஒரேயடியாகச் செத்து, வண்டி நடு ஓடையில் படுத்துவிட்டது. போய் இழுத்து வந்தது யார்? எங்கள் ஜீப்தான். முன்சீட்டில் முட்டி போட்டுத் திரும்பி உட்கார்ந்து, பேண்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு பின்னால் வந்த பெரியப்பாவைப் பார்த்து நான் வழியெல்லாம் சிரித்தேன்.

அதே மாதத்தில் இன்னொரு வேடிக்கையும் நடந்தது. நானும் நைனாவும் தொண்டூரிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தோம். திடீரென்று ஜீப் ரோட்டை விட்டு இறங்கி, அறுவடை முடிந்த கடலைக் கொல்லைக்குள் ஓடியது. ஒரு வரப்பைத் தாண்டிக் குதித்தது. நைனா ஸ்டியரிங் மேல் சாய்ந்து கையை வெட்டி வெட்டி உதறினார். எனக்கு விளையாட்டுக் காட்டுகிறார் என்று நினைத்துக் கை தட்டினேன். அடுத்த வரப்பில் முட்டி வண்டி தானே நின்றது. கொஞ்ச நேரம் கழித்து நைனா நிமிர்ந்து, "எங்க இருக்கோம்?" என்று கேட்டார். அதற்கும் சிரித்தேன். வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்துவிட்டு, ரொம்ப மெதுவாக ஓட்டிக்கொண்டு வந்தார். "எங்க ஜீப்பு கொல்லையில கூட ஓடும்" என்று தெரு முழுக்கப் பெருமையடித்தேன். அம்மா அன்றைக்குச் சாப்பிடவில்லை.

பத்து நாள் போயிருக்கும். பெரியப்பா, மெக்கானிக் பாயைக் கூட்டிக்கொண்டு வந்தார். எங்கள் ஜீப்பைச் சுற்றி மூன்று இரும்புக் கம்பங்களை நட்டு, உச்சியில் சேர்த்துக் கட்டிச் சங்கிலி மாட்டினார்கள். "இதுல கம்ப்யூட்டரும் இல்ல, ஒண்ணும் இல்ல. டீசல் ஊத்துனா ஓடும். உங்க வண்டிக்கு இதுதான் சரி" என்றார் பாய். எனக்கு அப்போதுதான் விஷயம் விளங்கியது. எங்கள் இன்ஜினைப் பிடுங்கி அந்த வெள்ளை ஜீப்பில் வைக்கப் போகிறார்கள்! கேட்க ஆளில்லையா? நைனாவைத் தேடினேன். அவர் வண்டிக்கு அடியில் படுத்து, ஸ்பேனரால் தானே போல்ட்டுகளைக் கழற்றிக்கொண்டிருந்தார். கொள்ளையடிக்க வந்தவனுக்கு ஏணி பிடித்துக் கொடுத்த மாதிரி இருந்தது எனக்கு.

"ரெண்டும் நின்னு போறதுக்கு ஒண்ணாவது ஓடட்டுமே" என்றார் பெரியப்பா. எங்களுடையது எங்கே நின்றுபோயிற்று? நன்றாக ஓடிக்கொண்டிருந்ததே! தம்பியை ஏமாற்றிவிட்டான் என்று தெருவும் பேசியது. அவர் காதுபடவே பேசியது. பெரியப்பா வாயைத் திறக்கவில்லை. திருடனுக்கு என்ன பேச்சு வரும் என்று நானும் தீர்ப்பு எழுதினேன்.

கேட்க ஆளில்லாததால் நானே கேட்பது என்று முடிவெடுத்தேன். அந்தப் பழைய டீசல் இன்ஜின் சாவியைத் திருப்பினால் நிற்காது. ஸ்டியரிங் பக்கத்தில் ஒரு கறுப்புக் குமிழ் இருக்கும். அதை இழுத்தால் பின்னாலுள்ள கம்பி டீசலை அடைத்து வண்டியை நிறுத்தும். இது எனக்குத் தெரியும், ஏனென்றால் வீடு வந்ததும் அதை இழுப்பது என் வேலை. இன்ஜின் போனபின் அந்தக் கம்பி அறுந்த வால் போல வெறும் ஜீப்பில் தொங்கியது. குமிழோடு உருவி எடுத்து விறகுக் குவியலுக்குள் செருகினேன்.

பாய் அந்தக் கம்பியைத் தேடிப் பார்த்துவிட்டு, வேறு வாங்கி மாட்டும்வரை பானட்டைத் திறந்து கையால் நிறுத்திக்கொள்ளச் சொல்லியிருக்கிறார். பெரியப்பா அதை மறந்துவிட்டார். எட்டாம் நாள் வெள்ளை ஜீப் எங்கள் வாசலுக்கு வந்தது. கற்பூரம் காட்டி, எலுமிச்சம்பழத்தை நசுக்கி வண்டியைக் கிளப்பினார்கள்; ராஜகிரிப் பாறை மறுபடி சத்தத்தைத் திருப்பியனுப்பியது. எங்கள் சத்தம்! பெரியப்பா வண்டியை நிறுத்தச் சாவியைத் திருப்பினார். வண்டி ஓடியது. சாவியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். அப்போதும் ஓடியது. தெருவே சிரித்தது. எல்லோரையும்விட நான் பலமாகச் சிரித்தேன்.

நைனா வந்து பானட்டைத் தூக்கி உள்ளே கைவிட்டார். சத்தம் நின்றது. நேராக என்னிடம் வந்து குந்தி உட்கார்ந்தார்.

"குடு."

"இன்னாத்த?"

"நீ சிரிச்சதுலயே தெரிஞ்சிடுச்சி. குடுமா."

விறகுக்குள்ளிருந்து எடுத்து வந்து அவர் காலடியில் வீசினேன். "நம்ம இன்ஜின அவரு திருடினு போறாரு, நீ சும்மா இருக்கற!"

"நான்தான் எடுத்துனு போவச் சொன்னேன்."

"இன்னாத்துக்கு?"

குமிழை லுங்கியில் துடைத்துக்கொண்டே இருந்தார். "அன்னிக்கு முன்சீட்ல நீ இருந்தியே, பாப்பா."

"நான் எப்பவும்தான் இருப்பேன்! இனிமே எங்க உக்கார்றது?"

அவர் எழுந்துபோய்க் குமிழைப் பெரியப்பாவிடம் கொடுத்தார். வலிப்பு என்ற சொல் எங்கள் வீட்டில் என் காதில் விழுந்தது நான் காலேஜ் போன பிறகு. ஓடுகிற இன்ஜின் வாசலில் இருந்தால் தன் கை சும்மா இருக்காது என்று நைனாவுக்குத் தெரிந்திருக்கிறது. அதனால் அண்ணனைக் கூப்பிட்டிருக்கிறார். தம்பியின் நோய் வெளியே தெரியாமலிருக்க, அண்ணன் திருடன் பட்டத்தை வாங்கிக்கொண்டார். எல்லாம் சரி. வண்டிக்குள் கூட இருந்தவள் நான் ஒருத்திதானே? என்னிடம் மட்டும் ஏன் மறைத்தார்கள்? இந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

அன்றைக்குப் பெரியப்பா வெள்ளை ஜீப்பின் முன்கதவைத் திறந்து, "வா பாப்பா, முன்சீட்டு உனக்குத்தான்" என்றார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். நைனாவின் கையைப் பிடித்து இழுத்துப்போய் எங்கள் வெறும் ஜீப்பில் ஏற்றினேன். சங்கிலியை மாட்டிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து, "ஓட்டு நைனா" என்றேன். அவர் இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்து, வாயாலேயே வண்டிச் சத்தம் போட்டார்.

"இன்னும் வேகமா" என்றேன் நான்.