‘அந்த வார்த்தை வாணாம்’ என்றார் ஹெச்எம்

எளாவூர் செக்போஸ்ட்டில் லாரிக்காரர்களிடம் எச்.ஐ.வி. பற்றிப் பேசுவது என் வேலை. படிப்பு ஆறாவது. ஆணுறை போடும் முறையை மரக்கட்டை மாடலில் டெமோ காட்டுவேன். முதல் நாள் கூச்சமாக இருந்தது. பிறகு பழகிவிட்டது.

ஒருமுறை எங்கள் தொண்டு நிறுவன ஆபீசிலிருந்து பக்கத்து ஊர் மேல்நிலைப் பள்ளிக்கு அனுப்பினார்கள். ஹெச்எம் முதலிலேயே சொல்லிவிட்டார்.

“ஊசி, ரத்தம், பிளேடு. இதோட நிறுத்திக்கம்மா. அந்த வார்த்த வாணாம். பசங்க கெட்டுப் பூடுவானுங்க.”

ஆணுறையைத்தான் சொல்கிறார். “பாக்கலாம் சார்” என்றேன்.

பிளஸ் டூ வகுப்பு. அந்த மூன்றையும் மைக்கில் சொல்லி முடித்தேன். பாதிப் பேர் கொட்டாவி விட்டார்கள். கடைசி பெஞ்சில் ஒருவன் எழுந்தான். லீவு நாளில் மாமாவின் லாரியில் கிளீனராகப் போகிறவன்.

“யக்கா, ரெண்டு போட்டுக்கினா டபுள் சேஃப்டியாமே? லாரில அப்டித்தான் சொல்றாங்க.”

“டேய், இன்னா மழக்கோட்டாடா ரெண்டு போட?” என்றான் பக்கத்தில் இருந்தவன். வகுப்பே சிரித்தது. கேட்டவன் சிரிக்கவில்லை.

வாசலில் நின்ற ஹெச்எம் கத்தினார். “ஒக்கார்ரா! யம்மா, நீ முடிச்சுக்க. இதுக்கு மேல பேசுனா ஸ்கூல் கேட்டு உள்ள நீ வர முடியாது.”

அவன் சொன்னதையே நம்பிய டிரைவர்களை எனக்குத் தெரியும். என் வீட்டுக்காரரும் டிரைவர்தான். அவரிடமிருந்து வந்த கிருமி என் உடம்பில் இருக்கிறது. மாத்திரை போட்டுக்கொண்டு உழைக்கிறேன். இந்தப் பிள்ளைகளின் வயசில் எனக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை.

“ஒக்காராத, கேட்டுக்க” என்றேன். “ரெண்டு போட்டா ஒண்ணோட ஒண்ணு ஒரசிக் கிழிஞ்சிடும். ஆணுறை ஒண்ணுதான். தேதி பாத்து வாங்கணும். பர்சுல போட்டு மாசக்கணக்கா சூடேத்தக் கூடாது. இதெல்லாம் பெரியவனானப்புறம். அதுவரைக்கும் எவன் உசுப்பேத்துனாலும் முடியாதுன்னு சொல்லு.”

ஹெச்எம் உள்ளே வந்து மைக்கைப் பிடுங்கினார். ஹாரன் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய தொண்டை இது. மைக் தேவைப்படவில்லை.

முன் பெஞ்சுப் பெண் எழுந்தாள். “கல்யாணத்துக்கு முன்னாடி மாப்ளய டெஸ்ட் எடுக்கச் சொல்லலாமாக்கா?”

“சொல்லு. நீயும் எடு. மொறச்சான்னா இன்னொரு வாட்டி சொல்லு.”

பெல் அடிக்கும்வரை பேசினேன்.

மறுநாள் ஆபீசில் மேனேஜர் கூப்பிட்டார்.

“இன்னாம்மா பேஜாரு இது? அந்த ஹெச்எம்கிட்ட போய் ஒரு சாரி சொல்லிட்டு வா. இல்லனா இனிமே ஸ்கூல் வேல ஒனக்குக் கெடையாது.”

“சொல்ல மாட்டேன் சார். தப்பா எதுனா சொன்னேனா? காட்டுங்க.”

அவர் ஸ்கூல் வேலையை வேறு ஆளுக்குக் கொடுத்தார். நான் லாரிக்காரர்களிடமே பேசிக்கொண்டிருக்கிறேன்.

புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். நாலு பேர் சிரிக்கும்போது ஒரு பிள்ளை எழுந்து நின்று கேட்பது லேசில் நடக்காது. நடந்தால் அப்போதே பதில் சொல்லிவிடுங்கள். மறுபடி உள்ளே விடுவார்களா என்பதை வெளியே வந்து யோசிக்கலாம்.