துண்டு போட்ட தேதி

தொண்ணூறுகளில் கணபதிப் பகுதியில் ஒரு கல்யாண மண்டபத்துக்கு முன்பதிவு புரோகிராம் எழுதிக் கொடுத்தேன்.

இரண்டு கம்ப்யூட்டர். ஒன்று கவுண்டரில், மற்றொன்று மேனேஜர் அறையில். ஒருவர் ஒரு தேதியைத் திறந்தால், அவர் மூடும்வரை மற்றவர் தொட முடியாதபடி பூட்டு வைத்திருந்தேன். ஒரே நாளை இரண்டு பேருக்குக் கொடுத்துவிடக் கூடாதே! மேனேஜர் என்ன செய்தார்? சொந்தக்காரர்கள் யாராவது கேட்பார்கள் என்று, பஸ் ஜன்னல் வழியாகத் துண்டு போடுவதுபோல் நல்ல முகூர்த்தத் தேதியாகத் திறந்து வைத்துவிட்டு, அறையைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குச் சாப்பிடப் போய்விடுவார். ஒரு தூக்கமும் போட்டுவிட்டுத்தான் வருவார். அதுவரை கவுண்டரில் ஜனம் தேவுடு காக்கும்.

போதுமடா சாமி என்று பூட்டையே எடுத்துவிட்டேன். எந்தத் தேதியையும் யாரும் திறக்கலாம். முதலில் பதிபவருக்கே நாள். பிந்தி வருபவரிடம், ‘இடையில் வேறொருவர் பதிந்துவிட்டார்’ என்று சொல்லி புரோகிராம் மறுத்துவிடும். மேனேஜருக்கு மூக்குக்கு மேல் கோபம். குரலில் மட்டும் சர்க்கரை.

“ஏங்கண்ணு, எனக்கே இல்லீங்குது? நமக்கு மட்டும் மறுக்காத மாதிரி பண்ணிப்போடு.”

பண்ணிப்போட்டேன். சீ! அவர் தயவில் இன்னும் இரண்டு மண்டப வேலை கிடைக்கும் என்ற நப்பாசை.

காரமடைக்காரர் ஒருவர் மகள் கல்யாணத்துக்குக் கவுண்டரில் ஒரு தைத் தேதியைப் பதிந்துவிட்டுப் போனார். அதே தேதி காலையிலிருந்து காலியாக மேனேஜர் திரையிலும் திறந்து கிடந்திருக்கிறது. சாயங்காலம் மேனேஜர் தன் பங்காளிக்காக அதில் பதிந்தார். மறுக்க வேண்டிய புரோகிராம் வாயை மூடிக்கொண்டது. காரமடைக்காரர் பெயர் இருந்த இடத்தில் பங்காளியின் பெயர் உட்கார்ந்துகொண்டது.

மண்டபத்துக்காரர்களை அழைக்கக் காரமடைக்காரர் மஞ்சள் தடவிய பத்திரிகைகளோடு வந்த அன்று நானும் அங்கே இருந்தேன். திரையில் வேறு பெயர். ஊரெல்லாம் பத்திரிகை வைத்தாயிற்று. கல்யாணத்துக்கு எட்டே நாள்.

மேனேஜர் கூசாமல் சொன்னார்: “கம்ப்யூட்டரு தப்புப் பண்ணிப்போட்டுதுங்க.”

நானும் தலையாட்டினேன்.

காரமடைக்காரர் நம்பிவிட்டார். ஒரு பத்திரிகையில் மண்டபத்தின் பெயரைப் பேனாவால் அடித்து, இரண்டு கையாலும் என்னிடம் நீட்டினார்.

“மிசினு பண்ணுனதுக்கு நீங்க என்னங்க பண்ணுவீங்க? எடம் எங்கீன்னு இன்னும் தெரியலீங்க. ஆனா நீங்க அவசியம் வந்துரோணுமுங்க.”