உப்பளத்து கேட்டில் ஒரு டீசல் இன்ஜின்

போன வாரம் தருவைகுளம் கரையில் ஒரு விசைப்படகைக் கிளப்பினார்கள். கரும்புகை நேரே எங்கள் முகத்துக்கு வந்தது. கூட வந்த தோழி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். நானோ நெஞ்சு நிறைய இழுத்துக்கொண்டு நின்றேன். எரிந்த டீசல் வாசனைக்கு மயங்குகிற பெண்பிள்ளையை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். என்ன செய்ய, என் பழக்கம் அப்படி.

பல வருஷங்களுக்கு முன்பு, தூத்துக்குடியில் ஒரு கப்பல் ஏஜென்சியில் நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. கையில் ஒரு பழைய பிலிம் கேமரா இருந்தது. கல்யாண வயதில் இருக்கிறவள் ஞாயிற்றுக்கிழமை தோறும் ரயில் இன்ஜினைப் படம் பிடிக்கப் போகிறாள் என்பதை அம்மா யாரிடமும் சொல்லவில்லை. அதுவே அவள் செய்த பெரிய உதவி. எடுத்த படங்களில் பாதி கலங்கல். மீதியில் இன்ஜினுக்குத் தலை இருக்காது.

அப்படிப் படம் பிடிக்கப் போன இடத்தில் பழக்கமானவர் சேவியர் அண்ணாச்சி, துறைமுகத்திலிருந்து நிலக்கரி ஏற்றிப்போகும் சரக்கு வண்டியின் டிரைவர். இன்ஜினைப் பற்றிக் கேட்டால் சாப்பாட்டை மறந்துவிடுவார்.

"நீ பொறக்க முந்தியே செஞ்சதுளா இது. மொதல்ல வந்ததெல்லாம் அமெரிக்காவுலேருந்து கப்பல்ல எறங்குச்சு. பெறவு அதே மாதிரி காசியிலயே செய்ய ஆரம்பிச்சாவ. பதினாறு சிலிண்டர். முடுக்குனா மொதல்ல பொகைதான் வரும், பெறவுதான் இழுக்கும்."

ஒருநாள் அவர் குரல் இறங்கியிருந்தது. "இத ஒடைக்க அனுப்புதாவளாம். வியாழக்கெழம கடைசி ஓட்டம். நான் வண்டி ஓட்டி ரோசலின் பாத்ததே இல்ல. உப்பளத்து கேட்டுல வந்து நிக்கச் சொல்லிருக்கேன். நீயும் அங்கன வந்து ஒரு போட்டா எடுத்துரு."

ரோசலின் அக்கா அவர் மனைவி. வியாழக்கிழமை அரைநாள் லீவு போட்டுவிட்டு அந்த ரயில்வே கேட்டுக்குப் போனேன். திருவிழாவுக்குக் கட்டுகிற பட்டுச்சேலையில் அக்கா எனக்கு முன்பே வந்து நின்றிருந்தார். என் பிலிமில் ஒரே ஒரு படம்தான் மிச்சம். அதை நான் அவரிடம் சொல்லவில்லை.

"அவிய என்னயப் பாப்பாவளா?" என்று கேட்டார்.

"பாக்காம போவாவளாக்கா?"

முதலில் உப்புக் குவியல்களுக்கு மேலே புகை தெரிந்தது. பிறகு காலடியில் மண் அதிர்ந்தது. அதன் பிறகுதான் சத்தம். பாத்திகளில் நின்ற தண்ணீர் முழுக்கச் சிலிர்த்தது. அத்தனை வேகன்களையும் இழுத்துக்கொண்டு அந்தப் பெரிய உடம்பு எங்களை நோக்கி வந்தபோது, எத்தனையோ முறை பார்த்த நானே ஓரடி பின்னால் நகர்ந்தேன். அண்ணாச்சி ஹாரனை அழுத்திப் பிடித்தபடி ஜன்னல் வழியே கையை நீட்டினார். பக்கத்தில் திரும்பினேன். அக்கா கையசைக்க மறந்து, சிலுவை போட்ட விரல்கள் நெஞ்சிலேயே நிற்க, வாய் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார். "ஏசுவே, இதயா இந்த மனுசன் ஓட்டுதாவ!"

என் விரல் அப்போதுதான் அழுத்தியது. படத்தில் விழுந்தது அக்காவின் முகம். இன்ஜின் இல்லை.

பிரிண்ட்டைக் கொண்டுபோய் அண்ணாச்சியிடம் நீட்டினேன். "மன்னிச்சுருங்க அண்ணாச்சி, வண்டி விழல."

அவர் படத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். "போற வேகத்துல கேட்டுல நிக்கது யாருன்னே தெரியாதுளா. அன்னைக்கும் ஒரு சேலைதான் தெரிஞ்சுது. இப்பதாம்ளா இவள பாக்கேன்." பிறகு அந்தப் படத்தைச் சட்டைப்பையில், நெஞ்சோடு வைத்துக்கொண்டார்.

இருவரும் இப்போது மகளோடு வெளியூரில் இருக்கிறார்கள். அந்தப் பாதையில் மின்சார இன்ஜின்கள் ஓடுகின்றன. அவையும் அழகுதான், குறை சொல்ல எனக்கு மனம் வராது. கேட்டில் நிற்கிறவர்கள் போனைப் பார்த்தபடி நிற்கிறார்கள். வண்டி போய்விட்டதென்று, கேட் தூக்குகிற சத்தம் கேட்டுத்தான் தெரிந்துகொள்கிறார்கள்.